செஞ்சோறு யாருடையது?

ஆங்கிலேயர் படையில் சிப்பாயாக இருந்த முன்னோரைத் தேடும் தமிழ்க் குடும்பம் இரண்டு கேள்விகளைச் சந்திக்கிறது. அவர் யார், எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த நாட்டில் மாண்டார் என்பது முதல் கேள்வி. அவருக்கு வழித்தோன்றல்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள், அவர் செய்தவற்றில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆவணங்கள் ஓரளவு விடை தரும். இரண்டாவது அறத்தையும் சமயத்தையும் சார்ந்தது. அதைத் தொடாமல் தேடலை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்கூட, படத்துக்கு மாலை போடும் நாளில் அதைச் சந்தித்தே தீர வேண்டும்.

சென்னை மாகாணப் படை 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சுக்காரர்களோடும் ஆர்க்காட்டு வாரிசுச் சண்டையோடும் பின்னிய போர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய படை. தமிழர், தெலுங்கர், தக்காணத்து முஸ்லிம்கள், தாழ்த்தப்பட்ட சாதியார், நாட்டுக் கிறிஸ்தவர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். மைசூர்ப் போர்களில் திப்புவுக்கு எதிராகவும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முன்பும் அது நின்றது. கடல் கடந்து போவதில் வங்காளச் சிப்பாய்கள் காட்டிய தயக்கம் சென்னைச் சிப்பாய்களிடம் குறைவு. ஆகவே 1795-96இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைப் பிடிக்கவும், 1811இல் ஜாவாவுக்கும், 1824இல் பர்மாவுக்கும், 1840இல் சீனாவுக்கும் அவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். முதல் பர்மியப் போரில் அவர்களைக் கொன்றதில் எதிரியின் ஆயுதத்தைவிடக் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் பங்கு அதிகம். 1895இல் மாகாணப் படைகள் ஒன்றாக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணம் சுமார் 92,000 பேரை அனுப்பியது. அவர்களில் ஏறத்தாழ 41,000 பேர் துப்பாக்கி ஏந்தாத பணியாளர்கள்.

இவ்வளவு பேர் போயும் சுவடு மிகக் குறைவு. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் சென்னை அரசின் ராணுவ நடவடிக்கைக் குறிப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் அதிகாரிகளுக்கு முகம் உண்டு, சிப்பாய்களுக்குத் தொகை மட்டும் உண்டு. இன்ன பட்டாளத்தில் இத்தனை முஸ்லிம், இத்தனை தெலுங்கர், இத்தனை தமிழர், இத்தனை பிற சாதியார் என்று பத்தி பத்தியாகக் கணக்கு நிற்கும். தனி ஆளின் பெயர் எழுந்து வருவது பெரும்பாலும் பதக்கப் பட்டியலில், ஓய்வூதியக் கோரிக்கையில், ராணுவ நீதிமன்ற விசாரணையில். அதாவது அரசு அவனுக்கு ஏதாவது கொடுத்தபோது அல்லது அவனைத் தண்டித்தபோது. ராமசாமி, முத்துசாமி, ஷேக் இமாம் என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி பலவாறாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் பட்டாள எண்ணும் மூன்றும் பொருந்தினால்தான் ஆள் அவர்தான் என்று நம்பலாம்.

முதல் உலகப் போருக்குப் பின் இந்திய ஊர்கள் பலவற்றில் அரசு பதித்த சலவைக்கல் பலகைகள் இன்னும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் தந்தார்கள் என்று மட்டுமே அவை சொல்கின்றன. மெசொப்பொத்தேமியப் போர்முனையில் மாண்டவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் பட்டாளவாரியாக எண்ணிக்கையாய் நின்றார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் போர்ச் சாவுகளில் குறைந்தது 1,16,000 பேராவது பெயர் குறிக்கப்படாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்பது அதன் கணிப்பு.

கிடைக்கும் எழுத்தும் ஒரு பக்கத்து எழுத்து. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை சிதறி ஓடியது. வாரக்கணக்கில் நெரிசலான கப்பல்களில் அடைபட்டுக் கிடந்து, கால் தரையில் பாவும் முன்பே காட்டுக்குள் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தோல்வியைப் பற்றி இழிவுரையோடு எழுதியவர்களில் முக்கியமானவர் உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹேகன். அவருடைய நாட்குறிப்பின் நம்பகத்தன்மையையே பின்வந்த ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஓடியவர்கள் ஏன் ஓடினார்கள் என்று சொல்ல ஓடியவர்களில் ஒருவருடைய குரலும் அந்தக் கதையில் இல்லை. ஆகவே முன்னோரைப் பற்றிய தீர்ப்பை ஆவணத்தில் எழுதியபடியே ஏற்பது, பல நேரங்களில் அவரை ஏவியவர் தந்த தீர்ப்பை ஏற்பதாகவே முடியும்.

இரண்டாவது கேள்விக்குள் நுழையும்போது நினைவும் தீர்ப்பும் தனித்தனி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இறந்தவருக்கு உரியதைச் செய்வது வேறு, அவர் செய்ததைச் சரி என்பது வேறு. இரண்டையும் குழப்புவதால்தான் ஒரு குடும்பம் பதக்கத்தைச் சட்டமிட்டு மாட்டுகிறது, இன்னொரு குடும்பம் அதைப் பரணில் போட்டு மறக்கப் பார்க்கிறது.

நினைவுக் கடனைப் பொறுத்தவரை இந்த மண்ணின் மரபுகள் தாராளமானவை. சிராத்த விதியில் பிண்டம் பெறுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினர். அதற்கு மேலே உள்ளவர்கள் பெயரிழந்து பொதுப் பிதிர்களோடு கலந்துவிடுகிறார்கள். இன்று ஐம்பது வயதைத் தொட்ட ஒருவருக்கு முதல் உலகப் போருக்குப் போனவர் பெரும்பாலும் பூட்டன். பெயர் சொல்லி நீர்விடக்கூடிய கடைசிப் படியில் நிற்பவர். அடுத்த தலைமுறையில் அந்த உரிமையும் நழுவும். மெசொப்பொத்தேமியாவுக்குப் போனவர்களைத் தேடுவதில் இப்போது தென்படும் அவசரத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். உடல் கிடைக்காத சாவுக்குத் தர்ப்பையாலோ பலாச இலையாலோ உருவம் செய்து எரிக்கும் விதி உண்டு. ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்று மகாளய பட்சத்துச் சதுர்த்தசி தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயுதம் யாருடையது, போர் யாருக்காக நடந்தது என்று அந்த விதி கேட்பதில்லை.

ஆனால் சிப்பாய்களில் பெரும்பாலோர் சாத்திரப்படி சிராத்தம் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய மரபு படையலும் நடுகல்லும் ஆடி அமாவாசையும். முஸ்லிம் வீரருக்காக, உடல் இல்லாத இடத்தில் ஜனாஸா தொழலாமா என்பதில் மத்ஹபுகள் என்னும் சட்ட மரபுகளுக்குள் வேறுபாடு உண்டு. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடம் பரவியுள்ள ஷாஃபி மத்ஹபு அதை அனுமதிக்கிறது, உருது பேசும் தக்காண முஸ்லிம்களிடம் பரவியுள்ள ஹனஃபி மத்ஹபு ஏற்பதில்லை. துஆவுக்கு இரண்டிலும் தடை இல்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் எல்லா ஆன்மாக்களுக்காகவும் பூசை வைக்கிறார்கள். சீர்திருத்தச் சபையினர் இறந்தோருக்காக மன்றாடுவதில்லை, இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி சொல்வதோடு நிறுத்துகிறார்கள்.

இவற்றுள் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வருவது நடுகல். செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல்லவர் காலந்தொட்டுக் கிடைக்கும் நடுகற்கள், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு (மாட்டுமந்தை), யார் பட்டான் என்று வரிசையாகச் சொல்கின்றன. மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் உண்டு. மாட்டைக் கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. கவர்ந்தவன் ஊர் அவனுக்கு நட்டது, இழந்தவன் ஊர் தன் ஆளுக்கு நட்டது. கல்லில் வீரனின் செயல் மறைக்கப்படவில்லை. கவர்ந்தான் என்றால் கவர்ந்தான் என்றே எழுதப்பட்டது. பெயரில்லாமல் எண்ணிக்கை மட்டும் பொறித்த சலவைக்கல்லையும், பெயரோடு செயலையும் பொறித்த பழைய நடுகல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பேரரசு தன் வீரனுக்கு எதைத் தர மறந்தது என்பது தெரியும். குறளின் படைச்செருக்கு அதிகாரம், தன்னைப் பேணிய தலைவன் கலங்கி நிற்கும்படி வாய்க்கும் மரணத்தை உயர்த்திப் பேசுகிறது. வீரனின் பெயரே தெரியாத தலைவன் யாருக்காகக் கலங்குவான்?

நாட்டார் வழிபாடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பட்டவன் சாமிகள் அகாலத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். சாமியாக்கியது சாவின் கொடுமை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்பது அங்கே பொருட்டில்லை. 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரண்களைத் தாக்கியபோது காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலக் கேப்டனின் சமாதியில், திருநெல்வேலிச் சீமை மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கியதைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அந்நியப் படையின் அதிகாரிக்கே படையலிட்ட மண்ணில், அந்தப் படையில் சேர்ந்த சொந்த ஊர்க்காரனுக்குப் படைக்கலாமா என்ற கேள்வி எழவே நியாயம் இல்லை. படைக்கலாம். படைக்கவும் வேண்டும்.

தீர்ப்பு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. கூலிக்குப் போரிட்ட வீரனைக் காக்க தமிழ் மரபில் முதலில் வருவது செஞ்சோற்றுக் கடன். உண்ட வீட்டுக்கு உயிரைத் தருவது என்ற அறம். கம்பனின் கும்பகருணன் அதற்குப் பேருருவம். சீதையைச் சிறைவைத்தது தவறு என்று அண்ணனிடம் அவையிலேயே சொல்கிறான். போர் மூண்டபின், இராமன் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும் வீடணனிடம் மறுத்துவிட்டுச் சாகப் போகிறான். கர்ணனும் அப்படியே. 1964இல் வந்த ‘கர்ணன்’ படம் அந்த உணர்ச்சியைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது. வீடணனை அறத்தின் பக்கம் நின்றவன் என்று ஏற்கும் தமிழ் வாசகர்கள்கூடக் கும்பகருணனுக்காக அழுகிறார்கள். வடநாட்டுச் சிப்பாய் உப்புக்கு உண்மையாக இருப்பது என்று எதைச் சொன்னானோ, அதுவும் ஏறத்தாழ இதுவே. பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்த நெறியை நன்றாக அறிந்து, பட்டாள ஒழுங்கின் அடித்தளமாக அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்த வாதத்தை ஏற்கும் முன் சோற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். இராவணன் போட்ட சோறு இலங்கையின் சோறு. கம்பெனி போட்ட சோறு யாருடையது? காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மாதம் 7 ரூபாய். 1895இல்தான் அது 9 ஆனது. அந்தப் பணம் இங்கிலாந்திலிருந்து வரவில்லை. செங்கல்பட்டு ஜாகீரிலும், ஆர்க்காட்டு நவாபு கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த சீமைகளிலும், 1801க்குப் பின் நவாபின் கருநாடகச் சீமை முழுவதிலும் உழவனிடம் வாங்கிய நிலவரியே சென்னை அரசின் முதன்மை வருவாய். கடல் கடந்த போர்களுக்கும் அதுவே. 1867-68இல் அபிசீனியப் படையெடுப்புக்கு இந்தியப் படை அனுப்பப்பட்டபோது, வீரர்களின் வழக்கமான சம்பளத்தை இந்திய வருவாயே சுமந்தது. இந்தியாவுக்கு அந்தப் போரில் எந்த அக்கறையும் இல்லை. தாதாபாய் நவ்ரோஜி போன்றவர்கள் இத்தகைய சுமைகளைப் பல ஆண்டுகள் எதிர்த்துப் பேசினார்கள். 1917இல் பிரிட்டனின் போர்ச் செலவுக்காக 10 கோடி பவுன் இந்தியாவின் கணக்கில் ஏற்றப்பட்டது.

அப்படியானால் சிப்பாய் உண்டது தன் தகப்பனும் அண்டை வீட்டானும் உழுது கட்டிய வரி. கம்பெனி இடையில் நின்று அளந்துபோட்டது. செஞ்சோற்றுக் கடனை அதன் சொந்த அளவையிலேயே எடுத்துக்கொண்டால், கடன் சோறு விளைந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அளந்தவனுக்கு அது உரியதாகாது. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் ஏறிய தமிழ்ச் சிப்பாய், எதிரே இருந்தவர்கள் விளைத்த சோற்றின் வலுவில்தான் ஏறினான். இது அவன் மேல் சுமத்தும் குற்றச்சாட்டல்ல. அவனை அங்கே நிறுத்திய நெறியில் இருந்த புரட்டு இது. அவன் அதைக் காண முடியாதபடி அந்த ஏற்பாடு அமைந்திருந்தது.

கும்பகருணனுக்கும் சிப்பாய்க்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. கும்பகருணன் அவையில் பேசினான், பேச்சு எடுபடாதபோதுதான் வாளெடுத்தான். சிப்பாய்க்கு அவை இல்லை. பேச முயன்றபோது என்ன ஆனது என்பதை வேலூர் காட்டுகிறது. 1805 நவம்பரில் தலைமைத் தளபதி கிரடாக் புதிய விதி கொண்டுவந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்கள் கசையடி பட்டார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரைக் கொன்றார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் வந்த படை அன்று முற்பகலிலேயே கோட்டையை மீட்டு, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. மீட்க வந்தவர்களிலும் சென்னைக் குதிரைப்படையினர் இருந்தார்கள். ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை விதி கைவிடப்பட்டது, எழுந்த பட்டாளங்களின் எண்களே படைப்பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன. வேலூரில் முன்னோர் இருந்தார் என்று அறியும் குடும்பம், அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று அறிய முடியாமலே நின்றுவிடலாம்.

கூலிப்படை வீரனின் கேள்வியைப் பௌத்தம் நேராகவே எடுத்திருக்கிறது. சம்யுத்த நிகாயத்தின் கிராமணி பகுதியில், போரைப் பிழைப்பாகக் கொண்ட யோதாஜீவன் என்ற தலைவன் புத்தரிடம் வருகிறான். போரில் மாளும் வீரன் தேவர்களோடு பிறக்கிறான் என்று முன்னோர் சொல்வது உண்மையா என்று கேட்கிறான். புத்தர் இருமுறை, கேட்காதே என்கிறார். மூன்றாம் முறையும் அவன் விடாமல் கேட்கவே, கொல்லும் எண்ணத்தில் மூழ்கிய மனத்தோடு சாகிறவனுக்கு நரகமே வாய்க்கும் என்கிறார். அவன் அழுகிறான். தன் கதிக்காக அழவில்லை, நெடுங்காலமாக ஆசிரியர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று அழுகிறான். சிப்பாயின் நிலையை இதைவிட நெருங்கித் தொட்ட சமய உரையாடல் அரிது. செயலுக்கு விளைவு உண்டு என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஏமாற்றியவனின் பங்கையும் மறைக்கவில்லை. கிறிஸ்தவ மரபில் அகுஸ்தீன் வேறு வழி போகிறார். நீதியற்ற அரசன் ஏவினாலும், கீழ்ப்படியும் வீரன் குற்றமற்றவனாக இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. பின்னாளில் ஸ்பெயினின் இறையியலாளர் விட்டோரியா, போர் அநியாயமானது என்று உறுதியாகத் தெரிந்த வீரன் போரிடக்கூடாது என்று அதற்கு எல்லை கட்டினார்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய இந்திய தேசிய ராணுவ வழக்கிலும் இதே வினாதான் சட்டத்தின் உடையில் வந்தது. மன்னனுக்கு எடுத்த உறுதிமொழியை மீறிய மூன்று அதிகாரிகளுக்காக வாதாடிய பூலாபாய் தேசாய், மன்னனா நாடா என்று வரும்போது நாட்டுக்கான கடமையே மேல் என்றார். நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. நாடு கொந்தளித்ததால் 1946 ஜனவரியில் தண்டனை தள்ளுபடியானது. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போன தமிழர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தம்பி அதற்கு எதிர்ப்படையிலும் இருந்திருக்க முடியும். கம்பனின் காட்சியை அந்த வீடுகள் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை.

தீர்ப்புச் சொல்பவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று, யாருக்கு நாடு நாடாக இருந்தது என்பது. சென்னைப் படையிலும், தம்பிகள் என்று செல்லப்பெயர் பெற்ற சென்னை சாப்பர் என்ற பொறியாளர் படையிலும் பறையர் பெருமளவில் சேர்ந்தார்கள். சேரியில் பிறந்தவனுக்கு அங்கே சீருடையும் மாதச் சம்பளமும் எழுத்தறிவும் ஓய்வூதியமும் கிடைத்தன. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீரெடுக்க விடாத ஊருக்கு அவன் எந்தச் சோற்றுக்கடன் பட்டான்? தீண்டாமைக்கு உள்ளான மகர் சாதியில் பிறந்த அம்பேத்கரின் தந்தை பம்பாய்ப் படையில் சுபேதார். 1818இல் பேஷ்வா படையை எதிர்த்து மகர் சிப்பாய்கள் போரிட்ட கோரேகாவ் தூணுக்கு அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று போய் மரியாதை செலுத்தினார். அந்தச் சண்டையில் சென்னைப் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளும் இருந்தன. பேஷ்வா ஆட்சியில் மகர்கள் பட்ட இழிவை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிப்பாய்களைத் துரோகிகள் என்று சொல்ல வாய் வராது. ஆனால் அதே பேரரசு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்குடிகள் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு மகர் சேர்க்கையை நிறுத்தியது. சென்னைக்காரர் போருக்கு உதவார் என்று ராபர்ட்ஸ் பிரபு போன்றோர் வாதிட்டு, தென்னிந்தியர் சேர்க்கையையும் சுருக்கினார்கள். நூறாண்டுக்கும் மேலாக உழைத்தவர்களை ஒரு கொள்கைத் தாள் வீட்டுக்கு அனுப்பியது. செஞ்சோற்றுக் கடனை ஒரு பக்கம் மட்டுமே கடைப்பிடித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பஞ்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1876-78 தாது வருடப் பஞ்சம் போன்ற காலங்களில் ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியற்ற வீட்டிலிருந்து படைக்குப் போனவனிடம், அவன் தேர்ந்தெடுத்தான் என்று சொல்வதில் பொருள் குறைவு.

இனி, அவருடைய வினை வழித்தோன்றலைத் தொடருமா என்ற கேள்வி. வினைக் கொள்கையின் நேர்வழியில் விடை தெளிவு. செய்தவனைத்தான் அது பற்றும். பிதிர்களுக்குச் செய்யும் நற்செயல் அவர்களைச் சேரும் என்று நம்பும் மரபும், அவர்கள் செய்த கொலையின் பழி பேரன்மேல் ஏறும் என்று சொல்வதில்லை. ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் தம் நாட்டாரின் குற்றத்தைப் பற்றி எழுதியபோது, நீதிமன்றத்துக்கு உரிய குற்றம், அரசியல் பொறுப்பு, மனச்சான்றின் முன் குற்றம், கடவுள் முன் குற்றம் என நான்காகப் பிரித்தார். அந்தப் பிரிவு இங்கேயும் உதவும். பூட்டன் சுட்ட குண்டுக்குப் பேத்தி குற்றவாளி ஆகமாட்டாள். ஆனால் பூட்டனின் ஓய்வூதியத்தில் பாட்டனும், பாட்டனின் படிப்பில் தகப்பனும் மேலேறியிருந்தால், அந்த ஏற்றத்தின் மூலத்தை அறிந்து சொல்லும் பொறுப்பு அவளைச் சேரும். சொத்தை ஏற்பவர் அதன் பத்திரத்தையும் ஏற்கிறார்.

இங்கே எதிர்ப்பக்கத்து மனிதர்கள் உள்ளே வருகிறார்கள். முதல் அபினிப் போரின்போது, 1841 மே மாத இறுதியில் கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊர்ப்புறத்தில், 37ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் தனித்துச் சிக்கியது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. சுற்றிலும் ஈட்டியும் அரிவாளும் ஏந்திய உழவர்கள். சிப்பாய்கள் சதுர வியூகம் வகுத்து, மீட்புப்படை வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். படை வரலாற்றில் அது புகழுக்குரிய நிகழ்ச்சி. சீனப் போருக்குப் போன சென்னைப் படைப்பிரிவுகள் ‘சீனா’ என்ற சொல்லையும் டிராகன் உருவத்தையும் தம் கொடிகளில் விருதாகப் பெற்றன. சீனாவின் பாடநூல்களிலோ சான்யுவான்லி, அந்நியருக்கு எதிராகச் சாதாரண மக்கள் எழுந்த முதல் எழுச்சி. அங்கே அந்த உழவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. இரண்டு கதைகளும் உண்மை. நனைந்த துப்பாக்கியோடு நின்ற தமிழனின் துணிவும் உண்மை. அபினியைத் திணிக்க வந்த படையில் அவன் நின்றான் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லும் குடும்ப வரலாறு பொய்யாகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால் அது நன்றிகெட்டதாகிவிடும்.

விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படையே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. பிரிட்டிஷ் காலத்துப் பட்டாளங்களையும் அவற்றின் போர் விருதுகளையும் ஏற்ற அது, இந்தியருக்கு எதிராக வென்ற விருதுகளை விழாவாகக் கொண்டாடக்கூடாது என்று விலக்கியது. 1799 சீரங்கப்பட்டணமும் 1857 டெல்லியும் அந்த வகை. விருது வரலாற்றில் இருக்கும், விழா இருக்காது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாதி ஏற்பாடு. விலக்கின் எல்லை இந்தியரோடு நின்றுவிட்டது. பர்மியரும் சீனரும் அபிசீனியரும் அதற்குள் வரவில்லை. அறத்துக்கு நாட்டெல்லை இல்லை என்று நம்புகிறவர் அந்த இடத்தில் நின்றுவிட முடியாது.

குடும்பம் செய்யக்கூடியது பட்டாளத்தால் செய்யமுடியாதது. தர்ப்பணத்தின் முடிவில், உறவல்லாதவர்களுக்கும் வேறு பிறவிகளில் உறவாயிருந்தவர்களுக்கும் நீர்விடும் மந்திரம் உண்டு. தாயும் தகப்பனும் சுற்றமும் அற்றவர்களுக்கும் அவ்வாறே விடுவார்கள். முன்னோரின் பெயரைச் சொல்லி நீர்விட்டபின், அவர் கையால் மாண்டவர்களையும் நினைத்து விடுவதற்கு அந்த மந்திரத்தில் இடம் இருக்கிறது. அவர்களில் யாருடைய பெயரும் தெரியாது என்பது தடையாகாது, அது பெயரில்லாதவர்களுக்கென்றே வைத்த இடம். நடுகல் மரபினர் தங்கள் குறிப்பில் இன்ன போரில், இன்னார் ஏவ, இன்னாரை எதிர்த்து என்று மூன்றையும் எழுதி வைக்கலாம். துஆவிலும் பூசைக் கருத்திலும் எதிரிக்கு இடம் தர இஸ்லாமியரோ கிறிஸ்தவரோ தயங்க வேண்டியதில்லை. இவை முன்னோரின் வினையைக் கழுவும் என்று எந்தச் சாத்திரத்தையும் காட்டிச் சொல்ல முடியாது. உயிரோடிருப்பவர்களின் கடன் இது, வரியாகப் போன சோற்றை விளைத்தவர்களுக்கும் அந்தச் சோற்றின் வலுவால் வீழ்த்தப்பட்டவர்களுக்கும் சேர்த்து அவர்கள் செலுத்த வேண்டியது.